அகல எழுத்தும் இடுக்கமான வாயிலும்

கணிப்பொறிக்குத் தமிழ் தெரியும் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அதற்கு ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. 'அ' என்று நாம் விசைப்பலகையில் தட்டும்போது திரையில் தோன்றுவது நம் கண்களுக்கான ஓவியம். உள்ளே பதிவதோ 2949 என்னும் எண். அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைக்கவோ, கம்பி வழியாக இன்னோர் ஊருக்கு அனுப்பவோ முற்படும்போதுதான் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட செய்தி தொடங்குகிறது. நிரல் எழுதும் தொழிலில் உள்ளோர்க்கு இது பழகிய பாடம். ஏனையோரும் சற்றுப் பொறுமையோடு உடன் வரலாம். ஏனெனில் இதில் நம் பெயர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பது எழுதாத உடன்பாடு. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களே அடங்கும். ஆஸ்கி என்னும் அட்டவணையோ 128 இடங்களோடு நிறைவடைந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஆயிரக்கணக்கான எழுத்துருவங்களை உடைய சப்பானியரும் சீனரும் என்ன செய்வார்கள்? அவர்களுடைய நெருக்கடியே சி மொழியின் கதவைத் தட்டியது. 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1990-இல் அனைத்துலகத் தர நிறுவனமும் ஏற்ற சி மொழித் தரத்தில் 'அகல எழுத்து' என்னும் புதிய வகை இடம்பெற்றது. அதனோடு அகல எழுத்தையும் பல்பைட்டு எழுத்தையும் கையாளும் ஐந்து செயற்கூறுகளும் சேர்ந்தன. 1995-இல் வந்த திருத்தம் அவற்றைப் பெருக்கியது.

அகல எழுத்து, பல்பைட்டு எழுத்து என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கலியாண வீட்டில் காணலாம். எண்ணிட்ட நாற்காலிகளைப் போட்டிருந்தால் மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் ஆளுக்கு ஒரு நாற்காலி. இடம் வீணாகும், ஆனால் பத்தாம் நாற்காலியில் இருப்பவர் யார் என்று கேட்டால் நேரே போய்ப் பார்த்துவிடலாம். நீளப் பாயை விரித்திருந்தால் அவரவர் உடலுக்கு வேண்டிய இடத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், இடம் மிஞ்சும். ஆனால் பத்தாமவரைக் காண, முதலாமவரிலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். அகல எழுத்து நாற்காலி. பல்பைட்டு எழுத்து பாய். நிரல் தன் வீட்டுக்குள்ளே கணக்குப் பார்க்க நாற்காலியை விரும்புகிறது. கோப்புக்கும் கம்பிக்கும் வெளியே போகும்போது பாயைத்தான் சுருட்டிக்கொண்டு போக முடியும். காரணம், நாற்காலியின் அளவு வீட்டுக்கு வீடு மாறுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் அகல எழுத்துக்கு 4 பைட்டு. விண்டோசில் 2 பைட்டு. ஓரிடத்து நாற்காலியை அப்படியே மற்றோரிடத்துக்குத் தூக்கிச் சென்றால் பொருந்தாது.

இன்று உலகெங்கும் விரிக்கப்பட்டிருக்கும் பாய்க்கு யூடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் நியூ செர்சியில் ஒரு சாலையோர உணவகத்தில், ராப் பைக் உடனிருக்க, கென் தாம்சன் தட்டின் கீழ் விரிக்கும் தாளிலேயே அதன் அமைப்பை வரைந்தார் என்பது பதிவான வரலாறு. அதன் கணக்கு நம் பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடியது. 'அ'வின் எண் 2949. அதை 64-ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 5. முதற்பைட்டாக 224, அடுத்து 128-உடன் 46-ஐக் கூட்டி 174, கடைசியில் 128-உடன் 5-ஐக் கூட்டி 133. ஆக 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளும் சேர்ந்து ஓர் 'அ'. புள்ளியின் எண் 3021. அது 224, 175, 141 ஆகும். தமிழுக்கு யூனிக்கோடு ஒதுக்கிய 128 இடங்களில் உள்ள எதுவானாலும் மூன்று பைட்டுதான். முதற்பைட்டு எப்போதும் 224-தான். தொடரும் பைட்டுகள் 128-க்கும் 191-க்கும் இடையிலேயே நிற்கும். தலைப்பைட்டு ஒருபோதும் அந்த எல்லைக்குள் வராது. எனவே நடுவில் எங்கே திறந்து பார்த்தாலும், தலை எது, உடல் எது என்று சொல்லிவிடலாம். இத்தனை எளிய கணக்கில் இத்தனைப் பாதுகாப்பு அமைந்திருப்பதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு நீங்குவதில்லை.

இந்த மாற்றத்தைச் செய்து தரும் செயற்கூற்றின் பெயர் டபிள்யூ, சி, எஸ், டி, ஓ, எம், பி, எஸ் என்னும் எட்டு எழுத்துகளைக் கோத்தது. அகல எழுத்துச் சரத்தைப் பல்பைட்டுச் சரமாக்கு என்பதன் சுருக்கம். அப்பெயரின் கடைசி ஐந்து எழுத்துகளைத் தனியே பிரித்தால் ஆங்கிலத்தில் 'கல்லறைகள்' என்று வருகிறது. வைத்தவர்கள் நினைத்து வைத்ததன்று. ஆயினும் நாம் பின்னர்ச் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு அது பொருந்திப்போனது.

அச்செயற்கூற்றுக்கு மூன்று செய்திகள் கொடுக்க வேண்டும்: எங்கே எழுதுவது, எதை எழுதுவது, அதிகபட்சம் எத்தனை பைட்டு. வேலை முடிந்ததும் எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையை அது திருப்பித் தரும். இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடங்கள் பல.

முதலாவது, நிரல் தொடங்கும்போது அது எந்த நாட்டு வழக்கத்தையும் அறியாத நிலையில் இருக்கிறது. அந்த வெறுமை நிலைக்கே 'சி' என்று பெயர். நாட்டு வழக்கத்தை ஏற்கச் சொல்லும் கட்டளையை நிரலர் தொடக்கத்திலேயே இட வேண்டும். இடாவிட்டால், லினக்ஸில் அச்செயற்கூறு முதல் தமிழ் எழுத்தைக் கண்டவுடனேயே நின்றுவிடும். -1 என்று திருப்பித் தரும். ஆனால் திருப்பித் தரும் எண்ணின் வகையோ குறை எண்ணையே அறியாதது. ஆகவே 64 பிட்டுக் கணிப்பொறியில் அந்த -1 என்பது 18446744073709551615 என்னும் மாபெரும் எண்ணாக நிற்கிறது. தோல்வி என்று பொருள்படும் எண், உள்ள எண்களிலெல்லாம் பெரிய எண்ணாக வேடமிட்டு வருகிறது! சோதித்துப் பாராமல் அதை நீளமாக எடுத்துக்கொள்ளும் நிரல் அடுத்த அடியிலேயே விழும்.

இரண்டாவது, இட அளவு. 'அந்தோணியம்மாள்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது அ, ந், தோ, ணி, ய, ம், மா, ள் என எட்டு எழுத்து. யூனிக்கோட்டில் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு என்பதால் பதினான்கு அகல எழுத்து. யூடிஎஃப்-8-இல் 42 பைட்டு. முடிவுக்குறியான சுழியையும் சேர்த்தால் 43. எட்டு, பதினான்கு, நாற்பத்து மூன்று: ஒரே பெயருக்கு மூன்று நீளங்கள். ஆங்கிலத்தில் மட்டுமே சிந்தித்த நிரலருக்கு இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் அவர் பெயருக்கு 32 பைட்டு ஒதுக்கிவிட்டு நிம்மதியாக உறங்கப் போய்விடுகிறார்.

32 பைட்டில் என்ன ஆகும்? பைட்டுகளைக் கண்மூடித்தனமாகப் படியெடுக்கும் செயற்கூறாயின் 'அந்தோணியம்' வரையில் 30 பைட்டும், அடுத்த 'ம'கரத்தின் முதலிரு பைட்டுகளும் வந்து நிற்கும். தலையும் கழுத்தும் மட்டும் உள்ள எழுத்து அது. திரையில் கரிய சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாகத் தெரியும். நாம் சொல்லிவரும் செயற்கூறு அப்படி எழுத்தை இரண்டாக வெட்டுவதில்லை. முழுதாக அடங்காத எழுத்தை எழுதாமல் 30-இலேயே நின்றுகொள்ளும். நன்று. ஆனால் இடம் போதாமல் நின்றபோது முடிவுக்குறியை அது இடுவதுமில்லை. அதை நிரலர்தாம் தம் கையால் இட வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. 40 பைட்டு ஒதுக்கினால் பதின்மூன்று எண்கள் 39 பைட்டில் அடங்கும். பதினான்காவதான புள்ளி மட்டும் வெளியே நின்றுவிடும். 'அந்தோணியம்மாள்' என்பது 'அந்தோணியம்மாள' என்று முடியும். கணிப்பொறியின் சட்டப்படி இதில் குற்றமே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் முழுமையானது. தமிழின் சட்டப்படியோ மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிட்டது. எந்தச் செயற்கூறும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழறிஞர் சிலர் வற்புறுத்தியதற்கும், 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோட்டோடு டேஸ்-16 என்னும் அத்தகைய குறியீட்டையும் ஏற்றதற்கும் பின்னால் இப்படிப்பட்ட வருத்தங்கள் உண்டு. உலகம் யூனிக்கோட்டையே எடுத்துக்கொண்டது. நாமும் அதையே சார்ந்து நிற்பது அறிவுடைமை என்பது நம் கருத்து. ஆனால் வருத்தம் நியாயமற்றது என்று சொல்லமாட்டோம்.

இனி, கல்லறைக்கு வருவோம்.

ஒரு சிற்றூர்ப் பங்கில் பழைய அடக்கப் பதிவேட்டை இளைஞர் சிலர் பல மாதம் உட்கார்ந்து கணிப்பொறியில் ஏற்றினார்கள். செல்லரித்த ஏடு, மழை ஒழுகி மை கரைந்த பக்கங்கள். முதியவர்களைக் கேட்டுக் கேட்டுப் படித்து முறையாக யூனிக்கோட்டிலேயே தட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் கூரை மறுபடி ஒழுக, ஏட்டின் முற்பகுதி கூழாயிற்று. பதிவு கணிப்பொறியில் இருக்கிறதே என்று எல்லாரும் ஆறுதல் கொண்டார்கள். பின்னர் நகரத்து நிறுவனம் ஒன்று அந்தப் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தந்து, பழைய கணிப்பொறியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. நவம்பர் இரண்டாம் நாளுக்கு இறந்தோர் பட்டியலை அச்சிட முனைந்தபோதுதான் தெரிந்தது: நாள் இருந்தது, வயது இருந்தது; பெயர் இருந்த இடமெங்கும் கேள்விக்குறிகள்.

நம்மை அழைத்தார்கள். நிறுவனத்தார் தொலைபேசியில், "எழுத்துரு இல்லை, நிறுவினால் எல்லாம் தெரியும்" என்று சொல்லியிருந்தார்கள். இது பரவலாகச் சொல்லப்படும் சமாதானம். ஆகவே இங்கே ஒரு குறிப்பு. திரையில் வெறுங்கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். பதிவு பத்திரமாக இருக்கிறது. சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் பைட்டுகள் தவறாகப் படிக்கப்படுகின்றன, அல்லது வெட்டுப்பட்டிருக்கின்றன; பல வேளைகளில் மீட்கலாம். வெறும் கேள்விக்குறி வரிசையாக நின்றால்தான் நெஞ்சு துணுக்குற வேண்டும். கோப்பைத் திறந்து பைட்டுகளை எண்களாகப் பார்த்தோம். 63, 63, 63, 63. 63 என்பது ஆஸ்கியில் கேள்விக்குறியின் எண். எழுத்துகள் மறைந்திருக்கவில்லை, இல்லாமலே போயிருந்தன.

இது எப்படி நேர்கிறது? அகல எழுத்தைக் குறுகச் செய்யும் வேறு வகைச் செயற்கூறுகளும் உண்டு. மேலைநாட்டு எழுத்துகள் மட்டுமே கொண்ட பழைய ஒரு பைட்டு அட்டவணைக்கு மாற்று என்று அவற்றுக்குச் சொன்னால், அட்டவணையில் இடம் இல்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுக்கொண்டே போகும், நிற்காது. விண்டோசின் அத்தகைய செயற்கூற்றில், 'பதிலி எழுத்து எங்கேனும் இடப்பட்டதா?' என்று கேட்டறிய ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்டால் சொல்லும், கேட்காமலும் விடலாம். பெரும்பாலோர் கேட்பதில்லை. சி மொழித் தரத்தின் செயற்கூற்றைப் பிடிவாதக்காரன் என்று நிரலர்கள் குறைகூறுவதுண்டு. ஒரே எழுத்து பொருந்தாவிட்டாலும் -1 என்று வேலையையே நிறுத்திவிடுகிறதே என்பார்கள். நாம் அந்தப் பிடிவாதத்தின் பக்கமே நிற்கிறோம். நின்றுபோன வேலையை மறுநாள் தொடரலாம். குறைவின்றி முடிந்ததாகத் தோன்றும் வேலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

எஞ்சியது ஒன்றே: எண்ணிக்கை. ஓர் அகல எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி என்பதால் பெயரின் நீளம் மட்டும் பிழைத்திருந்தது. 'அந்தோணியம்மாள்' பதினான்கு. 'ஞானப்பிரகாசம்' கண்ணுக்கு அதே எட்டு எழுத்துதான், கேள்விக்குறியோ பதின்மூன்று. 'அருளப்பன்' ஒன்பது. ஆனால் 'சவரிமுத்து' பத்து, 'மரியம்மாள்' பத்து. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாமல் இருவரும் ஒரே பத்துக் கேள்விக்குறிகளாய்க் கிடந்தார்கள். பதிவேட்டின் பிற்பகுதி படிக்கும் நிலையில் இருந்ததால் அதை மறுபடி தட்டிவிட்டார்கள். முற்பகுதிக்கு ஊரே வந்தது. உபதேசியார் நாளையும் வயதையும் உரக்கப் படிப்பார். நாம் குறிகளை எண்ணிச் சொல்வோம். முதியவர்கள் நினைவைத் துழாவுவார்கள். கல்லில் பெயர் வெட்டிய சமாதிகளையும் போய்ப் பார்த்து வந்தோம். கல் வைக்க வசதி இருந்தவர்களின் பெயர்கள் எளிதில் கிடைத்தன. மண்மேடாய்ப் போனவர்களுக்கு மனிதரின் நினைவு ஒன்றே சாட்சி.

1961-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று, வயது மூன்று, பத்துக் குறிகள். ஒரு மூதாட்டி எழுந்து, "அது எந்தம்பிங்க. வைசூரி வந்து போனான். சவரிமுத்துன்னு பேரு. போட்டுக்குங்க சாமி" என்றார். உபதேசியார், "நல்லா நெனவிருக்கா ஆத்தா?" என்று கேட்டார். "அவன் பேரைத்தான எம்மவனுக்கு வெச்சிருக்கு" என்று பதில் வந்தது. எண்ணிப் பார்த்தோம், பத்து சரியாக இருந்தது.

எண்ணிக்கை எப்போதும் அவ்வளவு எளிதாகத் துணை நிற்கவில்லை. ஒரு குடும்பத்தார் தம் பாட்டியின் பெயர் அந்தோணியம்மாள் என்று உறுதியாகச் சொன்னார்கள், நாளும் வயதும் பொருந்தின, கேள்விக்குறிகளோ பதினைந்து. கூடியிருந்தோர் ஐயுற்றனர். குடும்பத்தார் முகம் வாடிற்று. விடை 'தோ' என்னும் எழுத்தில் இருந்தது. நெடில் ஓகாரத்தின் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். யூனிக்கோட்டின் விதிப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றே, கணிப்பொறி எண்ணும்போது மட்டும் ஒன்று கூடும். குறிலையும் நெடிலையும் வேறுபடுத்த வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்டவணைக்குள் இப்படி இரட்டை வாழ்வு பெறும் என்று யார் கண்டார்? தட்டிய இளைஞர்களில் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் வேறு தட்டச்சு மென்பொருள் வைத்திருந்தார் என்றும், கொம்பையும் காலையும் அவர் தனித்தனியே தட்டினார் என்றும் விசாரித்து அறிந்தோம். அவர் தட்டிய பக்கங்களில் ஒகர ஓகாரம் வரும் பெயர்களுக்கெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டோம். பாட்டி தம் பெயரைத் திரும்பப் பெற்றார்.

மீட்ட பெயர்களை மறுபடி ஏற்றும் நிரலை எழுதும்போது கைக்கொண்ட முறையைத் தொழிலில் உள்ளோர்க்காகக் குறித்துவிடுகிறோம். நாட்டு வழக்கத்தை ஏற்கச் சொல்லும் கட்டளை முதல் வரியிலேயே வர வேண்டும்; அது வெற்றிபெற்றதா என்றும் பார்க்க வேண்டும். விண்டோசின் சி நூலகத்தில் யூடிஎஃப்-8-ஐ அவ்வாறு ஏற்கும் வசதி 2018-இல்தான் வந்தது என்பதால், பழைய கணிப்பொறிகள் உள்ள பங்குகளில் இது இன்றும் கவனிக்கத்தக்கது. பிறகு, எழுதும் இடத்தை வெறுமையாகக் கொடுத்து, வேண்டிய பைட்டு எத்தனை என்று மட்டும் முதலில் கேட்பது. 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த செயற்கூறு இதை முறைப்படி அனுமதிக்கிறது. தையற்காரர் துணியை வெட்டுமுன் ஆளை அளப்பதுபோல. அந்த அளவோடு முடிவுக்குறிக்கு ஒன்று சேர்த்து இடம் ஒதுக்கி, அதன் பின்னரே மாற்றம். எழுதிய பைட்டுகளை மீண்டும் அகல எழுத்தாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது. ஒரே ஓர் எண் வேறுபட்டாலும் நிறுத்திவிடுவது. மெதுவாக நடக்கும்தான். ஒரு சிற்றூரின் இறந்தோர் பட்டியலுக்கு என்ன அவசரம்?

அவ்வேட்டின் கடைசித் தாள்களில் கல்லறைத் தோட்டத்துச் செலவுக் கணக்கும் இருந்தது. பழைய கணக்கர் மாகாணி, முந்திரி என்னும் பின்னக்குறிகளிலேயே எழுதியிருந்தார். அவற்றையும் ஏற்ற முடியுமா என்று உபதேசியார் கேட்டார். முடியும். 2019-இல் வெளிவந்த யூனிக்கோட்டின் 12-ஆம் பதிப்பு அக்குறிகளுக்கு இடம் தந்திருக்கிறது. 320-இல் ஒரு பங்காகிய முந்திரியின் எண் 73664. இரண்டு பைட்டு நாற்காலியில் 65535-க்கு மேல் உட்கார முடியாது. ஆகவே விண்டோசில் முந்திரிக்கு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட வேண்டும். யூடிஎஃப்-8 பாயிலோ அதற்கு நான்கு பைட்டு. மிகச் சிறிய பின்னம் மிகுந்த இடம் கேட்கிறது என்று சொன்னபோது உபதேசியார் சிரித்துவிட்டார். கணக்குத் தாள்களை ஏற்றி முடித்தாயிற்று. பெயர்ப்பட்டியலில் இரண்டு வரிகள் மட்டும் இன்னும் நிரம்பவில்லை, இரண்டுமே கைக்குழந்தைகள். அவற்றில் நாளையும் வயதையும் மட்டும் அச்சிட்டு, பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.